மலைக்கு ஏற்ற வேலி போட்டபின் ட்ரோனை எழுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்தின் எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும் நேரத்தில் ட்ரோன் சத்தம் கேட்பது இப்போது புதினமில்லை. தேயிலைத் தோட்டங்களிலும் நிலம் அளக்கவும் மருந்தடிக்கவும் அவை வரத் தொடங்கிவிட்டன. இதை நான் வரவேற்கிறேன். மருந்து டாங்கியை முதுகில் சுமந்து செங்குத்து மலை ஏறுகிறவரின் பாரம் குறைவது நல்லதுதானே. ஆனால் பறக்க விடுகிறவர்கள் பலர் சமதரைக்குப் பழகிய அமைப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு இங்கே பறக்க விடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ட்ரோனுக்கு வரைபடத்தில் முன்கூட்டியே எல்லை கீறிவிடலாம். இதைத்தான் வேலி என்கிறேன். எங்கே மட்டும் பறக்கலாம், எந்தத் துண்டுக்குள் நுழையவே கூடாது, எவ்வளவு உயரம் போகலாம் என்று சொல்லிவிட்டால், ஜி.பி.எஸ். மூலம் தன் இடத்தை அறிந்துகொள்ளும் ட்ரோன் கோட்டை நெருங்கியதும் நின்றுவிடும், அல்லது புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிடும். ட்ரோனை இயக்கும் ஆர்டுபைலட் என்ற திறந்த மென்பொருளில் இந்த வேலியின் தொடக்க அளவுகள் 100 மீற்றர் உயரம், 300 மீற்றர் ஆரம். வேலியை நாமேதான் இயக்கிவிட வேண்டும். தானாக வேலை செய்யாது.

சிக்கல் அந்த உயரக் கணக்கில் இருக்கிறது. சாதாரணமாக ட்ரோன் உயரத்தைப் புறப்பட்ட இடத்திலிருந்தே அளக்கிறது, தனக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து அல்ல. மேல் ரோட்டில் நின்று 100 மீற்றர் எல்லையோடு கிளப்பினால், 200 மீற்றர் ஆழமான பள்ளத்தாக்குக்கு மேலே போகும்போது அது தரையிலிருந்து 300 மீற்றர் உயரத்தில் இருக்கும். திரையிலோ 100 என்றே காட்டும். இதைவிட ஆபத்தானது மறுபக்கம். ஆற்றோரத்திலிருந்து கிளப்பி, ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தை 60 மீற்றர் என்று வைத்திருக்கிறீர்கள், இடையில் 80 மீற்றர் முகடு ஒன்று நிற்கிறது என்றால், தடையை உணரும் கருவி இல்லாத ட்ரோன், முகட்டுக்கு அப்பால் தாழப் பறக்கும்போது வேலியைத் தொட்டால், நேர்கோட்டில் திரும்பி வந்து அந்த மலையிலேயே மோதும். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்கள் நிரை பிடித்து நிற்கலாம். ஆகவே திரும்பும் உயரம் இடையிலுள்ள மிக உயர்ந்த யூகலிப்டஸ் மர உச்சிக்கும் மேலே இருக்க வேண்டும். அப்படி வைக்க முடியாவிட்டால், எல்லையில் அந்தரத்திலேயே நிற்கும்படி அமைப்பதுதான் சரி.

ஒடுங்கிய பள்ளத்தாக்கில் வானத்தின் ஒரு பகுதியை மலை மறைத்துவிடுவதால் ஜி.பி.எஸ். பிழையும் கூடும். முகட்டுக் காற்று வேறு தள்ளும். கோட்டை உண்மையான எல்லைக்கு நல்ல தூரம் உள்ளே கீறுவது அவசியம்.

எனக்கு மிகவும் கவலை தருவது குளவிக்கூடுகள். குளவி கொட்டித் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தியை உங்கள் பத்திரிகையே எத்தனையோ முறை வெளியிட்டிருக்கிறது. பெரிய மரக்கிளையிலும் பாறையிலும் தொங்கும் கூட்டுக்கு அருகே ட்ரோன் விசிறிக் காற்றும் இரைச்சலும் போனால் என்ன ஆகும்? அந்தக் கூடுகள் எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் இல்லை. எந்த மலையில், எந்த மரத்தில் இருக்கிறது என்பது அங்கே தினமும் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். மின்கம்பி எங்கே தாழ்ந்து ஓடுகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டு, ஒவ்வொன்றையும் நுழையக்கூடாத துண்டாக வேலியில் சேருங்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளையும் அதே மாதிரி விலக்குங்கள். முற்றத்தில் குளிக்கும் பெண்களுக்கு மேலே கெமரா நிற்பதை யாரும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உற்பத்தியாளர் பார்த்துக்கொள்வார் என்று இருக்கவும் முடியாது. ட்ரோன் தயாரிக்கும் டி.ஜே.ஐ. நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்காவில், விமான நிலையம் போன்ற இடங்களில் ட்ரோன் பறக்காமல் தடுத்த தன் கட்டாயத் தடைகளை எடுத்துவிட்டு, திரையில் எச்சரிக்கை காட்டுவதோடு நிறுத்திக்கொண்டது. இங்கும் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகள் இருக்கின்றன. ஆனால் கொழும்பில் எழுதப்படும் விதிக்கு இந்தத் தோட்டத்து மரம் தெரியாது.

இன்னொன்று. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் போன்ற வேளையில் மீட்பு ஹெலிகொப்டர்கள் பள்ளத்தாக்கில் தாழப் பறக்கும். வரைபடத்தில் கீறிய வேலிக்கு ஹெலிகொப்டர் வருவது தெரியாது. மீட்புப் பணிக்கென்று அனுமதி பெற்றவர்களைத் தவிர மற்றவர்கள் அப்போது ட்ரோனைப் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களிடம் நான் கேட்பது இதுதான்: ட்ரோன் வரும் நாளில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டிலேயே எந்த மலையில், எத்தனை மணிக்குப் பறக்கும் என்று சொல்லுங்கள். கீறிய எல்லையைக் கங்காணிமாருக்குக் காட்டி, "இதில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா?" என்று கேளுங்கள். அதிகார சபையும் மலைப்பிரதேசத்துக்கென்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சிறு கைந்நூலை வெளியிடட்டும்.

இப்படிக்கு,
தோட்ட நில அளவைப் பணியாளர் ஒருவர்,
தலவாக்கலை.