சுடலையின் இடக்கண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அருங்காட்சியகக் கட்டடங்களின் முகப்பை வெளிநாட்டில் செய்வதுபோல் ஒளிக்கலையால் அணிசெய்யலாம் என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல யோசனை. லண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தை அவர் எடுத்துக்காட்டியதும் பொருத்தம்தான். ஆனால் முடிக்கும்போது, 'கொடை விழா சீரியல் செட் போல ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எங்கள் பக்கத்து ஊர்க் கோயில் கொடைகளில் சாமி உருவமாகக் கட்டி நிறுத்துகிற சர விளக்கு அலங்காரம்தான் சீரியல் செட். நான் சீரியல் செட்டுக்காரர் மகள்.

அவர் புகழ்ந்த அந்த முகப்பை என் மகள் நேரில் பார்த்தாள். லண்டனில் நர்ஸாக இருக்கிறாள். 2020 நவம்பர் 14, தீபாவளியன்று அதைத் திறந்தார்கள். கொரோனா ஊரடங்கில் கலைக்கூடம் பூட்டிக் கிடந்த நேரம். உள்ளே போக வழியில்லை. தெருவில் நின்று யாரும் பார்க்கலாம். இரவு வேலைக்குப் போகிற வழியில் செல்போனில் படம் பிடித்து அனுப்பினாள். தூண்களில் வண்ணம், எங்கும் நியான் உருவங்கள், ஒரு புலி, உச்சியில் பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா சிலை இருக்கிற இடத்தில் காளி. 'தாத்தா கட்டிய செட்டைத் தூக்கிவந்து வைத்தது போல இருக்கிறது' என்று கீழே எழுதியிருந்தாள்.

பேத்திப் பாசத்தில் சொன்னாள் என்று தள்ளிவிட முடியாது. அதைச் செய்த கலைஞர் சிலா குமாரி சிங் பர்மன், லிவர்பூலுக்குப் பக்கத்தில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா வேனில் ஐஸ்கிரீம் விற்றவர். அந்த வேனின் மேல் ஒரு புலி நிற்கும். முகப்பில் வந்த புலி அதுதான். சிறுவயதில் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊருக்குப் போய்ப் பார்த்த விளக்கு அலங்காரமும் அந்த வேலைக்குள் இருக்கிறது. அந்த ஊரில் 1879இல் எட்டே எட்டு ஆர்க் விளக்கோடு தொடங்கிய வழக்கம் அது. மில் தொழிலாளிகள் பிள்ளைகுட்டிகளோடு விடுமுறைக்குப் போன ஊர். அவர்கள் ஊர்க் கொடை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இனி எங்கள் செட்டுக்கு வருகிறேன். முக்கூடலில் எங்கள் வீட்டுத் தார்சாவில் (முன்கூடத்தில்) ஒரு பக்கம் அம்மா பீடி சுற்றுவாள். மறுபக்கம் நானும் தங்கையும் பல்புகளை ஒவ்வொன்றாகச் சாயத்தில் முக்கிக் கொடியில் காயப்போடுவோம். அப்பா களத்தில் சாக்கட்டியால் எங்கள் பக்கத்துக் காவல் தெய்வமான சுடலைமாடனை ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக வரைவார். வரைந்த கோட்டின் மேல் மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டுவார். பிறகு பல்பு. மீசை முறுக்குகிற இடத்தில் பல்புக்குப் பல்பு நாலு விரற்கிடை விடச் சொல்வார். நெருக்கிவிட்டால் தூரத்தில் நின்று பார்க்கும்போது மீசை தெரியாது, ஒரு சிவப்புக் கட்டிதான் தெரியும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவியம் கற்பித்தேன். இடைவெளி என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அந்த மீசையில்தான்.

6 வோல்ட் பல்பு 38ஐ ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 230 வோல்ட் மின்சாரத்துக்கு ஏறக்குறையச் சரியாக வரும். அதில் ஒன்று போனாலும் சரம் மொத்தமும் அணைந்துவிடும். ஒரு செவ்வாய்க் கொடையில், நள்ளிரவுச் சாமக்கொடைக்கு மேளம் ஏறுகிற நேரம் பார்த்துச் சுடலையின் இடக்கண் அணைந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு, சாமிக் குற்றம் என்றே ஒருவர் சொல்லிவிட்டார். அப்பா ஏணியில் ஏறினார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு நல்ல பல்பு இருக்கும். அதன் இரண்டு ஒயர் முனையிலும் குண்டூசி கட்டியிருப்பார். சரத்தில் ஒவ்வொரு பல்புக்கும் இருபுறமும் ஒயரில் ஊசியைக் குத்திக்கொண்டே போனார். செத்த பல்பின் மேல் குத்தியதும் கண் முழுவதும் பளீரென்று திறந்தது. குலவைச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. (இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அப்பா இரண்டு முறை ஏணியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர்.)

அந்த வாசகர் எதைப் பார்த்து முகம் சுளித்தார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. இப்போது பல ஊர்களில் கடையில் வாங்கிய எல்.இ.டி. பலகையைத்தான் நிறுத்துகிறார்கள். எந்தச் சாமியானாலும் அதே மயில், அதே அருவி. குழாய் ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பற்றி அவர் எழுதியிருந்தால் நானே கூட ஒரு கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தின் முகப்பில் ஒளிவேலை வைப்பதானால், சென்னையிலிருந்து ஆள் தேட வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை. மூங்கில் சட்டம் கட்டத் தெரிந்த கைகள் எங்கள் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலோர் வயரிங் வேலைக்குப் போய்விட்டார்கள், கூப்பிட்டால் வருவார்கள். சுவரில் ஓர் ஆணி கூட அடிக்க வேண்டியதில்லை. சவுக்குக் கம்புச் சாரம் தன் காலிலேயே நிற்கும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை ஒட்டி வைத்தால் வெளியூர்க் கூட்டமும் பார்க்கும். ஆனிக் காற்றுக்கு ஃபிளெக்ஸ் பலகை கிழிந்து பறக்கும். மூங்கில் சட்டம் காற்றை உள்ளே விட்டு வெளியே அனுப்பிவிடும். ஒரே ஒரு நிபந்தனை: பெயர்ப்பலகையில், படம் வரைந்தவர் பெயரோடு, சட்டம் கட்டியவர், பல்பு கோத்தவர் பெயரும் இருக்க வேண்டும். எங்கள் அம்மா பீடிக்கு நூல் சுற்றிய விரலால் முறுக்கிய ஒயர் ஒருநாளும் அவிழ்ந்ததில்லை. அவள் பெயர் எந்தப் பலகையிலும் வந்ததும் இல்லை.

விளக்கை ஓடவிடும் அப்பாவின் மர உருளை எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அது சுழலும்போது தகரப்பட்டை தொடுகிற வரிசை எரியும், விட்ட வரிசை அணையும். சுடலையின் கையில் வல்லயம் என்ற ஈட்டி அசைவது அப்படித்தான். பட்டையில் கொஞ்சம் துரு ஏறியிருக்கிறது, மோட்டார் மாற்ற வேண்டும். கேட்டால் இலவசமாகவே தருகிறேன். வேலை முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.