பதக்கத்தின் விளிம்பைத் தேய்த்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தம், பரதராமி பக்கம் பட்டாளத்துக்காரர் வீடு இல்லாத ஊர் குறைவு. கோயில் மலரிலும் நினைவுக் கல்லிலும் தாத்தா பெயரைப் போடும்போது, பெட்டியில் கிடைத்த எல்லாவற்றையும் 'வீரப் பதக்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரின் ஆறு முனை கொண்ட ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் இரண்டும் அந்தந்தப் போர்முனையில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்தவை. இந்தியப் படையினரின் ஸ்டார்களில் பின்பக்கம் பெயர் பொறித்திருக்கும், அதனால் மட்டும் அவை வீரப் பதக்கம் ஆகிவிடாது. வீரத்துக்கென்று வந்த ஐ.டி.எஸ்.எம். (இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல்), மிலிட்டரி மெடல் போன்றவை வட்டமான வெள்ளிப் பதக்கங்கள். அவற்றின் விளிம்பைச் சுற்றிப் படை எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருக்கும்.

செங்கழுகுச் சின்னம் தரித்த 4-வது இந்திய டிவிஷனையே எடுத்துக்கொள்வோம். எரித்திரியாவின் கெரனில் ரிச்பால் ராம், துனிசியாவில் லால்பகதூர் தாபா, சேலு ராம் என்று பிரிட்டிஷ் அரசின் உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர்களின் வரிசை நீளம். நம்மவர் சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனி. காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். அவருக்குக் கிடைத்தது விக்டோரியா கிராஸ் அல்ல, ஜார்ஜ் கிராஸ். அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். எதிரி எதிரே நின்று சுடும்போது காட்டிய வீரத்துக்கு முன்னது. எதிரி நேரில் இல்லாத இடத்துத் துணிவுக்குப் பின்னது. மதிப்பில் ஒன்றும் குறைச்சல் இல்லை. இத்தாலியில் ஜெர்மானியர் புதைத்த எஸ்-மைன் என்ற கண்ணிவெடி மிதித்த கணத்தில் வெடிக்காது. சுமார் 4 விநாடி கழித்து இடுப்பளவு எழும்பி வெடித்து, எஃகுக் குண்டுகளைச் சுற்றிலும் வாரியிறைக்கும். கண்ணி அகற்றுபவர்கள் தங்களுக்குள்ள நேரத்தை இப்படி விநாடியில்தான் கணக்கிட்டார்கள். மிக்னானோவில் 1944 பிப்ரவரி 24 அன்று சுப்பிரமணியன் கண்ணியின்மேல் விழுந்து, தன் உடலால் மற்றவர்களைக் காத்து உயிர்விட்டார். விருதை அரசிதழ் அறிவித்தது ஜூன் 30. விருது அறிவித்த நாளையே இறந்த நாளாகக் கல்லில் வெட்டிவிடுவதுதான் இதுபோன்ற கல்வெட்டுகளில் அதிகம் நேரும் பிழை.

இனி வீட்டுப் பெட்டிக்கு வருவோம். புளி, சாம்பல், பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். பொறித்த எழுத்துக்கு ஆழம் குறைவு. சில ஆயுத பூஜைகளுக்குப் பளபளவென்று தேய்த்தாலே கடைசி எண்கள் மழுங்கிவிடும். சட்டம் போட்டு மாட்ட வளையம் பற்றவைத்தாலும் விளிம்பு போச்சு. டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் மெல்லிய தாளை விளிம்பில் ஒட்டவைத்து பென்சிலால் லேசாகத் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும்.

எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. படைப் பதிவேடுகளில் பெயரை நம்பித் தேடாதீர்கள்: எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே ஆள் சுப்ரமண்யன், சுப்பிரமணியம் என்று இரண்டு விதமாக இருப்பார். வேலூர் மாவட்டம் என்று தேடினாலும் கிடைக்காது, அன்று அது வட ஆற்காடு. எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சித்தூர் 1911-லேயே தனி மாவட்டம் ஆகிவிட்டது. அதற்கு முன் சேர்ந்தவர் சித்தூர்க்காரரானாலும் வட ஆற்காட்டுக் கணக்கில்தான் இருப்பார்.

தங்கள் நாளிதழில் வீரர் பற்றிய செய்தி வரும்போது பதக்கத்தின் பெயர், படைப்பிரிவு, செயல் நடந்த நாள், அறிவிப்பு நாள் இவற்றைத் தனித்தனியே போடுங்கள். கல்வெட்டுக்காரர்கள் அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் வெட்டுகிறார்கள்.

முன்னாள் படைவீரர்கள் சிலர்,
குடியாத்தம்