ஓய்வு பெறும் எங்கள் மேடத்துக்கு, சைதாப்பேட்டைக் குழுக்கள் எழுதுவது

மேடம், வணக்கம்.

இந்த மாதக் கடைசியோடு நீங்கள் மாநகராட்சியை விட்டுப் போகிறீர்கள் என்று தெரிந்ததும், அடையாற்றங்கரை மகளிர் சுயஉதவிக் குழுக்கள் எல்லாம் சேர்ந்து என்னை எழுதச் சொன்னார்கள். அரசு ஓய்வு வயதை 2020-இல் 58-லிருந்து 59 ஆக்கி, மறுவருஷமே 60 ஆக்கியதால் இரண்டு வருஷம் கூடுதலாக எங்களுக்குக் கிடைத்தீர்கள். அதுவும் போதவில்லை என்றுதான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

நீங்கள் சமுதாய அமைப்பாளராக வந்த காலத்தில் எங்கள் பெண்கள் பலருக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது. குழு ஆரம்பித்தது, தீர்மான நோட்டு எழுதியது, வங்கியில் கணக்குத் திறந்தது, முதல் சுழல்நிதி 10,000 ரூபாய் வந்தபோது அதை யாருக்கு முதலில் கடனாகக் கொடுப்பது என்று ராத்திரிவரை சண்டை போட்டது, எல்லாவற்றிலும் கூட உட்கார்ந்திருந்தீர்கள். ஆனால் முடிவை நீங்கள் எடுக்கவே மாட்டீர்கள். "உங்க குழு, நீங்க பேசுங்க" என்பீர்கள். அன்றைக்குக் கோபமாக வந்தது. இன்றைக்கு அம்மா உணவகத்தில் சமைக்கிறவர்களும், வார்டு அலுவலகத்தில் நின்று கேள்வி கேட்கிறவர்களும் எங்கள் குழுப் பெண்கள்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் ஆற்றில் வந்த ராத்திரி கட்டின துணியோடு மாநகராட்சிப் பள்ளிக்கு ஓடினோம். பாலும் ரொட்டியும் நிறையப் பேர் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவர்களுக்கும் நன்றி. நீங்கள் மட்டும் ஒரு நீளநோட்டோடு வந்து, குடும்பம் குடும்பமாக உட்காரவைத்து, ரேஷன் கார்டு போச்சா, கேஸ் புத்தகம் போச்சா, பிள்ளையின் மார்க் ஷீட் போச்சா, பேங்க் பாஸ்புக் நம்பர் யாருக்காவது ஞாபகம் இருக்கா என்று கேட்டு எழுதினீர்கள். பசியில் இருக்கும்போது இது எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. டிசம்பர் நடுவில் ஆவணங்களை இலவசமாகத் திரும்பத் தரும் சிறப்பு முகாம்களை அரசு போட்டபோதுதான் அந்த நோட்டின் அருமை தெரிந்தது. மற்றவர்கள் என்ன தொலைந்தது என்று யோசித்துக்கொண்டிருக்க, நாங்கள் பட்டியலோடு வரிசையில் நின்றோம். நிவாரணப் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும் என்று ஆனபோது கணக்கே இல்லாத பாட்டிகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதும் நீங்கள்தான்.

அப்புறம் நடைபாதை வியாபாரிகள். 2014-இல் வந்த சட்டப்படி கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் கடையைத் தூக்கச் சொல்லக் கூடாது, நடைபாதை வியாபாரத்துக்கென மாநகராட்சி அமைக்கும் விற்பனைக் குழுவில் 40 சதவீதமாவது வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்பதையெல்லாம் எங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பூக்கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னீர்கள். ஒரு அதிகாரி சட்டத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "இதை என்கிட்டயே கேளுங்க" என்று சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல்முறை.

2020 ஊரடங்கில் வியாபாரம் படுத்துக் கிடந்தபோது, ஜூன் மாதம் 10,000 ரூபாய் கடன் திட்டம் வந்தது. கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் எங்களில் நிறைய. அடையாள அட்டை இல்லை, சங்கச் சந்தா ரசீதும் இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், மாநகராட்சி நேரில் விசாரித்துப் பரிந்துரைக் கடிதம் தரலாம் என்று விதியிலேயே இருக்கிறது என்றீர்கள். விதி எல்லா அலுவலகத்திலும் இருக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, காய்ச்சல் முகாம் வேலைக்கும் நடுவில், சுண்டல் வண்டி நிற்கும் இடம், இட்லிக் கடை போடும் மூலை என்று ஒவ்வொன்றாக நடந்து வந்து பார்த்துக் கையெழுத்துப் போட உங்களுக்குத்தான் மனசு இருந்தது. ரோட்டோரம் படுத்திருந்தவர்களை வீடற்றோர் காப்பகத்தில் சேர்த்தபோதும் பெயர், ஊர் கேட்டு எழுதிய பிறகுதான் வண்டியில் ஏற்றினீர்கள். "பேர் இல்லாம யாரையும் கூட்டிட்டுப் போகக் கூடாது" என்று டிரைவரிடம் நீங்கள் சத்தம் போட்டது இன்னும் எங்கள் தெருவில் பேச்சு.

மேடத்தோடு சேர்த்து இன்னும் சிலருக்கும் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தின்போது வெளியூர்களிலிருந்து வந்து எங்கள் சந்துகளில் சேறு அள்ளிய தூய்மைப் பணியாளர்கள், ஊர் பேர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டோம், அவர்களுக்கு. ராத்திரி எட்டு மணிவரை விண்ணப்பம் ஏற்றிக் கொடுத்த கம்ப்யூட்டர் தம்பிக்கு. வீட்டு வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு உங்களை எங்களிடம் அனுப்பிவைத்த உங்கள் வீட்டாருக்கு.

சால்வை, மாலை எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். சரி, வாங்கவில்லை. கடைசி நாளன்று மத்தியானச் சாப்பாடு எங்களோடுதான், மீன் குழம்பு. புதிதாக வரும் சாரையும் கூப்பிட்டிருக்கிறோம், அவரை எங்கள் பக்கத்திலேயே உட்காரவைத்து ஒவ்வொருவர் பெயரையும் நீங்களே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள் மேடம்.

அன்புடன்,
சைதாப்பேட்டை மகளிர் குழுக்களும் நடைபாதை வியாபாரிகளும்