ஆய்விதழ்களுக்குக் களப் பொறியாளர்களும் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போலி ஆய்வுக்கட்டுரைகள் பெருகிவருவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொன்ன விஷயம் சரிதான். 2023-ல் மட்டும் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, அதில் எட்டாயிரத்துக்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. ஆனால் 'மதிப்பாய்வாளர்கள் என்னதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?' என்று ஒரு வரியில் கேட்டுவிட்டுக் கட்டுரை வேறு பக்கம் போய்விட்டது. கட்டுரை அச்சேறுமுன் அதைப் படித்து எடைபோடுகிற மதிப்பாய்வாளர்களில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் பேராசிரியர் இல்லை. சுழலும் இயந்திரங்களைப் பராமரிக்கிற வேலை. அதிர்வு, பேரிங் பழுது பற்றிய கட்டுரைகள் சில பொறியியல் ஆய்விதழ்களிலிருந்து எனக்கு வரும். வேலை நேரம் போகப் படித்துக் குறிப்பு எழுதி அனுப்புவேன், சம்பளம் கிடையாது. பொதுவாக ஒரு கட்டுரையை இரண்டு மூன்று பேர் தனித்தனியாகப் படிக்கிறோம், ஒருவர் யார் என்று மற்றவருக்குத் தெரியாது. ஏற்கலாம், சிறு திருத்தம், பெரிய திருத்தம், நிராகரிக்கலாம் என்று பரிந்துரை மட்டும்தான் எங்களுடையது. முடிவு இதழாசிரியருடையது.

மோசடியைப் பிடிப்பது இந்த வேலைக்குள் அவ்வளவாக அடங்காது. சோதனையை நாங்கள் திரும்பச் செய்து பார்ப்பதில்லை, எழுதியவர் கொடுத்த எண்களை நம்பித்தான் ஆரம்பிக்கிறோம். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒருமுறை வேண்டுமென்றே ஒன்பது பெரிய தவறுகளைப் புகுத்திய கட்டுரைகளைத் தன் மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பிப் பார்த்தது. சராசரியாக மூன்றுகூடத் தேறவில்லை. மருத்துவத்தில் அந்தக் கதை என்றால் பொறியியலில் மட்டும் நாங்கள் என்ன பெரிய சூரர்களா?

ஆனால் களத்தில் இருப்பவன் கண்ணுக்குச் சில விஷயங்கள் சட்டென்று படும். எந்தக் கட்டுரை என்று சொல்லக்கூடாது, சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு வகைக் கட்டுரை அடிக்கடி வரும். செயற்கை நுண்ணறிவு வைத்துப் பேரிங் பழுதைக் கிட்டத்தட்ட நூறு சதவீதம் சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்பார்கள். தரவு எங்கிருந்து என்று பார்த்தால் பெரும்பாலும் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்ட பேரிங் தரவு. நல்ல தரவு அது, குறை சொல்லவில்லை. ஆனால் அதில் உள்ள பழுதுகள் 0.007 அங்குலம், 0.014 அங்குலம் என்று அளவு வைத்து ஸ்பார்க் எரோஷனில், அதாவது மின்பொறியால் உலோகத்தை அரித்து, வேண்டுமென்றே போட்ட குழிகள். ஒரே பேரிங்கில் எடுத்த நீளமான பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, கலைத்து, பாதியைச் செயற்கை நுண்ணறிவு மாடலின் பயிற்சிக்கும் மீதியை அதன் சோதனைக்கும் வைத்துக்கொண்டால் மதிப்பெண் வராமல் எங்கே போகும்? வினாத்தாளைக் கொடுத்துவிட்டு அதையே பரீட்சையில் கேட்பது போலத்தான். அந்தப் பேரிங்கையும் அந்தப் பதிவையும் மாடல் அடையாளம் தெரிந்துகொள்கிறது, பழுதை அல்ல.

அதனால் நான் கேட்பது சின்னக் கேள்வி: ஒரு பேரிங்கை முழுக்க ஒதுக்கி வைத்து, மாடல் அதைப் பார்க்கவே இல்லை என்ற நிலையில் சோதித்தீர்களா? இல்லையென்றால் செய்துவிட்டு எண்ணைச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று, படத்தில் அதிர்வு என்று அச்சைப் போட்டிருப்பார்கள், அது முடுக்கமா திசைவேகமா, அலகு என்ன என்று இருக்காது. ஷாஃப்ட் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்.பி.எம்) சுற்றியது என்பதுகூடச் சில நேரம் இருக்காது. வேகமும் உருளைகளின் எண்ணிக்கையும் தெரியாமல் பேரிங்கின் வெளிவளையத்தில் உள்ள பழுது எந்த அதிர்வெண்ணில் தெரியும் என்று எப்படிக் கணக்கிடுவது? புள்ளியியலில் புலியான ஒரு ஆய்வாளர் இதைக் கவனிக்காமல் விடலாம். பேரிங் கழற்றி மாட்டியவர் விடமாட்டார். நிஜ இயந்திரத்தில் பழுது மெல்ல மெல்ல வளரும், கிரீஸ் காய்ந்திருக்கும், இரண்டு ஷாஃப்ட்டுகளை இணைக்கிற கப்ளிங் கொஞ்சம் விலகியிருக்கும், பக்கத்து பம்ப் வேறு ஆட்டிக்கொண்டிருக்கும். கட்டுரையின் முடிவுரையில் 'தொழிற்சாலையில் நேரடியாகப் பயன்படுத்தலாம்' என்ற ஒரு வரி மட்டும் தவறாமல் இருக்கும்.

எங்கள் துறை ஒன்றும் சுத்தம் இல்லை. 2014-ல் 'ஜர்னல் ஆஃப் வைப்ரேஷன் அண்ட் கண்ட்ரோல்' இதழின் 60 கட்டுரைகளை அதன் பதிப்பகமான சேஜ் ஒரே மூச்சில் திரும்பப் பெற்றது. கட்டுரை எழுதியவர்கள் பொய்ப் பெயர்களில் மின்னஞ்சல் கணக்குகளைத் தொடங்கி, தங்கள் ஆட்களையே மதிப்பாய்வாளர்களாகப் பரிந்துரைத்திருந்தார்கள், ஒருவர் தன் கட்டுரைக்குத் தானே மதிப்பாய்வு எழுதிக்கொண்டது வரை போனது. இதில் என் கணக்கு இதுதான்: இதழாசிரியர்களுக்கு ஆள் கிடைப்பதில்லை, அதனால் கட்டுரை எழுதியவரிடமே 'யாரைக் கேட்கலாம்' என்று கேட்கிறார்கள், அந்த ஓட்டை வழியாகத்தான் இதெல்லாம் நுழைகிறது. சம்பந்தமில்லாத, விஷயம் தெரிந்த ஆட்கள் பட்டியலில் நிறைய இருந்தால் ஓட்டை சின்னதாகும்.

இலவச உழைப்பு என்ற கோபமும் நியாயமானதே. 2020-ல் உலக அளவில் மதிப்பாய்வுக்குச் செலவான நேரம் பத்துக் கோடி மணிநேரத்துக்கு மேல் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. வாசகரிடமும் பணம், எழுதியவரிடமும் பணம், படித்துத் திருத்தியவருக்கு ஒரு நன்றி மின்னஞ்சல் என்று நடத்துகிற பெரிய பதிப்பகங்களும் உண்டு. அதனால் தொழில்முறைச் சங்கங்கள் நடத்தும் இதழ்களுக்கு முதலில் நேரம் கொடுக்கிறேன். என் துறைக்குச் சம்பந்தமே இல்லாத கட்டுரையை அனுப்பி நாலு நாளில் முடித்துத் தரச் சொல்லும் அழைப்புகளை அழித்துவிடுகிறேன். கட்டுரைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் தரம் கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவசர அவசரமாக எழுதித் தள்ளுகிறவர்கள்தான் கூடுவார்கள்.

ஆகவே கையில் அனுபவம் உள்ள பொறியாளர்கள் யாராவது இதைப் படித்தால், தாங்கள் வழக்கமாகப் படிக்கும் இதழின் ஆசிரியருக்கு நாலு வரி எழுதுங்கள். எந்த இயந்திரம், எத்தனை வருடம், எந்த முறையை எடைபோட முடியும், எது தெரியாது. அந்தக் கடைசி விஷயம் முக்கியம், கணிதப் பகுதியை என்னால் சரிபார்க்க முடியாது என்று தாராளமாகச் சொல்லலாம், அதற்கு வேறு ஆளை அனுப்புவார்கள். பல இதழ்களின் தளத்திலேயே பதிவு செய்யும் வசதி இருக்கிறது. மதிப்பாய்வாளர் நெறிமுறைகளைக் 'கோப்' என்ற பதிப்பு நெறிமுறை அமைப்பு இலவசமாக வெளியிட்டிருக்கிறது, பெரிய ஆவணமில்லை. நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. போட்டி நிறுவனத்தின் கட்டுரையோ பழைய சகாவின் கட்டுரையோ வந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். வெளிவராத கட்டுரையை எடுத்து ஏஐ-யிடம் (செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம்) போட்டுச் சுருக்கம் கேட்காதீர்கள், அது ரகசியத்தை வெளியே கொட்டுவது, பெரிய பதிப்பகங்கள் பலவும் தடை செய்திருக்கின்றன. 2025-ல் சில கட்டுரைகளில் 'நல்லவிதமாக மட்டும் எழுது' என்று வெள்ளை எழுத்தில் ஏஐ-க்கு உத்தரவு ஒளித்து வைத்திருந்தது வேறு அம்பலமானது. நேரமில்லை என்றால் அன்றைக்கே மறுத்துவிடுங்கள். பதிலே போடாமல் இருந்தால் ஏதோ ஒரு ஆராய்ச்சி மாணவரின் பட்டம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

தங்கள் கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டதைப் பற்றி எழுதும்போது, மதிப்பாய்வாளர் என்ன எழுதினார் என்பதையும், அதை இதழாசிரியர் என்ன செய்தார் என்பதையும் இதழிடம் கேட்டு எழுதட்டும். சில இதழ்கள் மதிப்பாய்வுக் குறிப்புகளைக் கட்டுரையோடு சேர்த்தே வெளியிடுகின்றன, அங்கே யாரையும் கேட்காமலே படித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இயந்திரப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்