வள்ளுவர் நாணயத்துக்கு லட்ச ரூபாயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவள்ளுவர் உருவம் உள்ள பழைய ஐந்து ரூபாய் நாணயத்துக்கு லட்சக்கணக்கில் பணம் தருவதாக வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களை நம்பி யாரும் முன்பணம் கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

1995 ஜனவரியில் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மத்திய அரசு வெளியிட்ட நாணயம் அது. நினைவு நாணயம்தான், ஆனாலும் புழக்கத்துக்கென்றே அடித்தது. வங்கி வழியாக முக மதிப்புக்கே வெளிவந்து, பஸ்ஸிலும் மளிகைக் கடையிலும் கைமாறியது. இன்றும் வீட்டு உண்டியல்களில் கிடைப்பது அதனால்தான்.

கையில் இருப்பது அசல்தானா என்று பார்க்க நகைக்கடைத் தராசும் ஓர் அளவுகோலும் காந்தமும் போதும். எடை 9 கிராம், விட்டம் 23 மில்லிமீட்டர். விளிம்பைச் சாய்த்துப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் சுற்றி ஓடும். காந்தத்தில் ஒட்டாது. உலோகம் 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல். அதாவது ஒரு நாணயத்தில் 6.75 கிராம் செம்பும் 2.25 கிராம் நிக்கலும் இருக்கின்றன. 2007 வாக்கில் உலகச் சந்தையில் நிக்கல் விலை உச்சத்துக்குப் போனபோது, இந்த உலோகத்தின் விலையே ஐந்து ரூபாயைத் தாண்டியது. உருக்கி விற்றால் லாபம் என்ற நிலை வந்தால் நாணயம் சந்தையில் தங்காது. அரசு ஐந்து ரூபாயை 6 கிராம் எஃகுக்கு மாற்றியது இந்தக் காலத்தில்தான். இப்போது உருக்கினால் 2011 நாணயச் சட்டப்படி குற்றம்.

நினைவு நாணயத்தில் இன்னொரு வகை உண்டு; குழப்பமே இங்குதான் தொடங்குகிறது. ரவீந்திரநாத் தாகூரின் 150-வது பிறந்த ஆண்டுக்காக 2011-ல் இரண்டு நாணயங்கள் வந்தன. ஐந்து ரூபாய் நாணயம் புழக்கத்துக்கு. 150 ரூபாய் நாணயமோ சேகரிப்பவர்களுக்காக நாணயச்சாலை தனியே விற்றது: 35 கிராம், 44 மில்லிமீட்டர், பாதி வெள்ளி, 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும் சரிபாதி. இந்தக் கலவைக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேல் எடையும் 91.7 சதவீத வெள்ளியும் இருந்த பிரிட்டிஷ் இந்திய ரூபாயில், இரண்டாம் உலகப் போரின்போது 1940-ல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். அன்று வெள்ளியை மிச்சம் பிடிக்க வந்த கலவைதான் பின்னாளில் நினைவு நாணயத்துக்கு வந்து சேர்ந்தது. 150 ரூபாய் என்று பொறித்திருந்தாலும் அதில் 17.5 கிராம் வெள்ளி இருப்பதால், அந்த விலைக்கு நாணயச்சாலை தர முடியாது. இதைப் பார்த்துவிட்டு வள்ளுவர் ஐந்து ரூபாய்க்கும் அப்படியொரு விலை இருக்கும் என்று எண்ணுவது தவறு. அதில் வெள்ளி துளியும் இல்லை.

சேகரிப்பவர்கள் கூடுதலாகக் கொடுப்பது தேயாத, அச்சுப் பளபளப்பு மாறாத நாணயத்துக்கு மட்டுமே. அதையும் பலர் தாங்களே கெடுத்துவிடுகிறார்கள். புளியோ, பல்பொடியோ, எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் மேல்தோல் போய்விடும். அந்தப் பளபளப்பு வேறு, அச்சில் பிறந்த பளபளப்பு வேறு. பழகிய கண்ணுக்கு உடனே தெரியும். மலிவான பிவிசி உறையில் போட்டு வைத்தால் சில வருடங்களில் பச்சையாகப் பிசுபிசுத்து நாணயத்தை அரிக்கும். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறை நல்லது. நாணயத்தின் முகப்பில் விரல் படாமல் விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும்.

பழைய நாணயங்களை விற்றுத் தருவதாகச் சொல்லி ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அப்படிப்பட்ட வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும் தெளிவாகச் சொன்னது. நிஜமாக வாங்குகிறவர் நாணயத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பார். உங்களிடம் பணம் கேட்க மாட்டார்.

வேறு உருவம் இருக்கிறது என்று நாணயத்தை வாங்க மறுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து ரூபாயின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் அறிவித்தது. ஒரே நேரத்தில் 1,000 ரூபாய்க்கு மேல் நாணயமாகத் தந்தால் வேண்டுமானால் மறுக்கலாம். ஐந்து ரூபாய் வள்ளுவரை மறுக்கக் கூடாது.

ஒவ்வொரு வங்கிக் கிளையிலும் புழக்கத்தில் உள்ள நினைவு நாணயங்களின் படத்தைத் தமிழ் விளக்கத்தோடு ஒட்டி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாணயம் சேகரிப்போர் சிலர்,
தஞ்சாவூர்.