வைஃபையை அணைத்தால் சார்ஜ் நிற்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளியூர் போகும்போது வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிடுங்கள், சார்ஜும் நிற்கும், தகவல் திருட்டுப் பயமும் இருக்காது என்று ஒரு குறிப்பு ஆளாளுக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதில் பாதிதான் சரி.

போன மாதம் தென்காசியிலிருந்து புனலூருக்கு ரயிலில் போனேன். ஏறும்போதே இரண்டையும் அணைத்துப் போனைச் சட்டைப்பையில் போட்டவன் வழியில் எடுக்கவே இல்லை, செங்கோட்டை தாண்டிவிட்டால் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க யாருக்கு மனசு வரும்? புனலூரில் இறங்கிப் பார்த்தால் 82 சதவீதம் இருந்தது 61 ஆகியிருக்கிறது, போன் வேறு கதகதவென்று சூடு. மலைக்கும் குகைக்கும் நடுவில் டவர் கிடைக்காவிட்டால் போன் சும்மா கிடக்காது, தேடிக்கொண்டே இருக்கும். தூரத்தில் ஒன்று அகப்பட்டாலும் அதற்குக் கேட்கிற மாதிரி உரக்கக் கத்தியாக வேண்டும், சார்ஜ் கரைவது அங்கேதான். திரும்பும்போது ஏரோபிளேன் மோடில் போட்டு வந்தேன், 3 சதவீதம்தான் குறைந்தது. (வீட்டில் நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், அதற்குக் கிடைத்த அர்ச்சனை தனி.) வைஃபை சும்மா இருக்கும்போது தின்பது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆனால் அணைக்கத்தான் வேண்டும், காரணம் வேறு. திருச்சியில் ஒரு லாட்ஜில் தங்கியபோது பாஸ்வேர்டு இல்லாத வைஃபை, பெயர் வெறும் 'கெஸ்ட்'. சேர்ந்தேன், மறந்தும் போனேன். இரண்டு மாதம் கழித்து மதுரையில் சம்பந்தமே இல்லாத வேறு ஒரு விடுதி வாசலில் நிற்கிறேன், மேலே வைஃபை அடையாளம் வந்து நிற்கிறது, நான் விரலே வைக்கவில்லை! அங்கேயும் பெயர் 'கெஸ்ட்'. பாஸ்வேர்டு இல்லாத இணைப்பில் போனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெயர்தான், அதே பெயரை எவன் வைத்தாலும் பழைய சிநேகிதன் என்று போய் ஒட்டிக்கொள்ளும். வங்கிச் செயலிகள் தகவலைப் பூட்டித்தான் அனுப்புகின்றன, அதனால் பக்கத்து அறைக்காரன் நம் பாஸ்வேர்டை அப்படியே படித்துவிடுவான் என்பது பெரும்பாலும் பழைய பயம். இன்றைக்கு ஆபத்து, சேர்ந்ததும் திறக்கிற போலி லாகின் பக்கம். ரயில் நிலைய வைஃபை செல் நம்பரும் ஓடிபியும் கேட்கும், சரி. இமெயில் பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிட வேண்டியதுதான்.

அப்புறம், அணைப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐபோனில் கட்டுப்பாட்டுத் திரையை இழுத்துத் தட்டினால் வைஃபை அணையாது, தற்காலிகமாகத் துண்டிக்கும், அவ்வளவுதான்; மறுநாள் காலையிலோ வேறு இடத்துக்குப் போனதுமோ தானாகத் தேட ஆரம்பித்துவிடும். முழுசாக அணைய செட்டிங்ஸுக்குள் போக வேண்டும். ஆண்ட்ராய்டில் லொகேஷன் பகுதியில் வைஃபை ஸ்கேனிங் என்று தனியாக ஒன்று உண்டு, வைஃபையை அணைத்த பிறகும் அது அக்கம்பக்கத்தைத் தேடும். எல்லாவற்றையும்விட, சேமித்து வைத்த பழைய 'ஃப்ரீ', 'கெஸ்ட்' பெயர்களை அழித்துவிடுவதுதான் உருப்படியான வேலை. என் போனில் 19 இருந்தன.

அடுத்த முறை இந்தக் குறிப்பைப் போடும்போது சார்ஜுக்கு ஏரோபிளேன் மோடு, பாதுகாப்புக்கு வைஃபையை அணைப்பது என்று இரண்டையும் பிரித்துப் போடுங்கள். லாட்ஜ்காரர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு பாஸ்வேர்டு போட்டு ரிசப்ஷனில் எழுதி ஒட்டுங்கள் சார், காசு ஒன்றும் ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தென்காசி