செயலாளரின் ஆண்டறிக்கை: ஏட்டில் ஏறாதவர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டில் சங்கம் செய்ததையும் செய்யத் தவறியதையும் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை. செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஒரு மாதம் மட்டும் ஆள் சேராமல் கூட்டம் தள்ளிப்போனது. வாசிப்பறைக்கு நாற்காலிகள் வந்துவிட்டன. விளக்கு இன்னும் சரியாகவில்லை.

நம் முக்கிய வேலை மனு மேசைதான். உதவித்தொகை, ஓய்வூதியம், வீட்டு வசதி, மருத்துவ உதவி என்று யார் எதற்கு வந்தாலும் படிவம் நிரப்பித் தருகிறோம். நிராகரிப்புக் கடிதம் வந்தால் மேல்முறையீடு எழுதித் தருகிறோம். இந்த ஆண்டு வந்தவர்களில் நிறையப் பேர் புதிதாக உதவி கேட்டு வந்தவர்கள் அல்ல. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த தொகை ஏதோ ஒரு மாதம் நின்றுபோக, ஏன் நின்றது என்றே தெரியாமல் வந்தவர்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மா. மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. பிளாஸ்டிக் பை நிறையக் காகிதங்களைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். நடுவில் பிரிக்காத உறை ஒன்று கிடந்தது. "ஏம்மா பிரிக்கலை?" என்று கேட்டேன். "நல்ல சேதின்னா பணமாத்தான் வரும் தம்பி, கடுதாசியா வராது" என்றார். பிரித்துப் பார்த்தால், 14 நாளுக்குள் நேரில் வந்து விவரங்களைச் சரிபார்க்க வேண்டும், தவறினால் தொகை நிறுத்தப்படும் என்று எழுதியிருந்தது. கடிதத்தில் போட்டிருந்த தேதிக்கும் உறைமேல் இருந்த அஞ்சல் முத்திரைக்கும் இடையில் ஒன்பது நாள். அதாவது, அன்றைக்கே கையில் கிடைத்து, அன்றைக்கே பிரித்திருந்தாலும் அவருக்கு மிச்சம் இருந்தது ஐந்தே நாள். அலுவலகக் கோப்பில் அவர் பெயருக்கு நேராக 'ஒத்துழைக்கவில்லை' என்று ஒரே வார்த்தை.

அந்த உறையை நகலெடுத்து இணைத்துத்தான் மேல்முறையீட்டில் வென்றோம். மேசையில் உட்காரும் தொண்டர்களுக்கு இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்: உறையைத் தயவுசெய்து கிழித்துக் குப்பையில் போடாதீர்கள். கடிதம் அவர்கள் பக்கத்துச் சாட்சி என்றால், உறை நம் பக்கத்துச் சாட்சி.

அடுத்து, மாதாந்தர வாசிப்புக் கூட்டம். இந்த ஆண்டு முழுவதும் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வந்தோம். ஏழைகளுக்காகவே போட்ட திட்டம் ஏன் ஏழைகள்மேலேயே விழுகிறது? பணக்கார நாடுகளில் இதெல்லாம் நடக்காது என்று நம்மில் சிலர் நினைத்துக்கொண்டிருந்தோம். நெதர்லாந்து கதையைப் படித்த பிறகு யாரும் அப்படிப் பேசவில்லை.

அங்கே வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் குழந்தைக் காப்பகக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு தருகிறது. படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும், பெற்றோர் கட்ட வேண்டிய பங்கில் சிறு தொகை குறைந்தாலும், வாங்கிய பணம் மொத்தத்தையும் திருப்பிக் கட்டு என்றது வரித்துறை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டன. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள்மேல் கூடுதல் சந்தேகம். வீடு போனவர்கள் உண்டு, குடும்பம் உடைந்தவர்கள் உண்டு. நீதிமன்றத்துக்குப் போனால் அங்கும் வெகுகாலம் 'சட்டம் அப்படித்தான்' என்ற பதில்தான். 2019இல்தான் உயர் நிர்வாக நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. 2020 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை வெளிவர, 2021 ஜனவரியில் பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது. இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு விடுபட்ட கையெழுத்தாக இருந்திருக்கலாம் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆஸ்திரேலியாவில் நடந்தது வேறு மாதிரி. உதவித்தொகை வாங்கியவர்களிடம் 'கூடுதலாகக் கொடுத்துவிட்டோம்' என்று சொல்லிக் கணினிக் கணக்கை வைத்துப் பணத்தைத் திரும்ப வசூலித்த அரசுத் திட்டம், ரோபோடெட் என்று பெயர். 2016இல் பெரிய அளவில் ஆரம்பித்தார்கள். வரித்துறையிடம் இருக்கும் ஆண்டு வருமானத்தை எடுத்து, 26 இருவாரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடும் கணினி. ஒருவர் ஆறு மாதம் வேலை பார்த்து, ஆறு மாதம் வேலையில்லாமல் உதவித்தொகையில் இருந்தார் என்று வையுங்கள். சராசரி போட்டால், வேலையே இல்லாத மாதங்களிலும் அவருக்குப் பாதிச் சம்பளம் வந்ததாகக் காட்டும். உடனே 'வருமானத்தை மறைத்தாய், வாங்கியதைக் கட்டு' என்று கடிதம். இல்லை என்று நிரூபிக்க அவர்தான் பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளைத் தேடி அலைய வேண்டும். 2019 நவம்பரில் அந்தச் சராசரிக் கணக்கு கைவிடப்பட்டது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் 2023 ஜூலையில் அறிக்கை தந்தபோது, அது நியாயமும் இல்லை, சட்டப்படியும் இல்லை என்று எழுதியது.

மாதச் சம்பளக்காரர் போட்ட கணக்கு அது. கூலிக்காரருடைய வருடம் அப்படிச் சமமாக ஓடுவதில்லை என்பதை நம் மேசைக்கு வரும் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

இதையொட்டி இன்னொரு ஆராய்ச்சியையும் படித்தோம். 2013இல் வெளியானது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நாட்களில் ஒரு முறையும், அறுவடைக்குப் பின் ஒரு முறையும் அறிவுச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். அதே ஆட்கள்தான், ஆனால் முதல் முறை குறைவாகத்தான் மதிப்பெண் எடுத்தார்கள். பணக் கவலை மூளையின் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது. சரி, நாம் நீளமான படிவத்தை யாரிடம், எந்த மாதத்தில் நீட்டுகிறோம்?

அந்த வாசிப்புக் கூட்டத்தில் ஒரு மூத்த உறுப்பினர் மறுத்துப் பேசினார். தகுதிச் சரிபார்ப்பைத் தளர்த்தினால் தகுதியில்லாதவர்கள் புகுந்துவிடுவார்கள் என்றார். தட்டிக்கழிக்க முடியாத பேச்சுதான். ஆனால் தவறு இரண்டு வகை. தகுதியில்லாதவருக்குக் கொடுப்பது ஒன்று, தகுதியுள்ளவருக்குக் கொடுக்காமல் விடுவது மற்றொன்று. முதல் தவறைத் தேட தணிக்கை உண்டு, பறக்கும் படை உண்டு, செய்தித்தாள் உண்டு. இரண்டாவது தவறு எந்த ஏட்டிலும் வருவதில்லை. வேலையற்றோருக்கும் குறைந்த வருமானத்தினருக்கும் பிரான்ஸ் தரும் அடிப்படை உதவித்தொகையைத் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வாங்குவதில்லை என்று அந்நாட்டு அரசின் புள்ளிவிவரத் துறையே கணக்கிட்டிருக்கிறது. உரியவர்கள் மனு எழுதிக் கொடுக்காததால் மிச்சமாகும் பணத்தை யாரும் மோசடி என்று சொல்வதில்லை.

இப்போது நம் குறைக்கு வருகிறேன். மார்கழியோ தையோ என்றில்லை, வருடம் முழுக்க நடந்த குறை இது. ஒருவர் ஓய்வூதிய மனுவோடு வந்தார். ஒரு சான்றிதழின் நகல் இல்லை. அடுத்த வாரம் கொண்டுவரச் சொன்னோம். வரவில்லை. நம் ஏட்டில் 'வரவில்லை' என்று எழுதி மூடினோம். இரண்டு மாதம் கழித்து நம் தொண்டர் ஒருவர் வழியில் அவரைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை காலை மேசைக்கு வந்ததால் அன்றைய வேலை போனது, இன்னொரு நாளையும் விட முடியவில்லை என்றாராம். அந்த அம்மாவின் கோப்பில் இருந்த 'ஒத்துழைக்கவில்லை'க்கும் நாம் எழுதிய 'வரவில்லை'க்கும் எழுத்துதான் வேறு. ஏட்டைப் புரட்டிப் பார்த்தேன். 'வரவில்லை' நிறைய இருக்கிறது. எழுதியதில் பாதி என் கையெழுத்து.

பிரேசிலில் 2011இல் தீவிர வறுமை ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, மனு வரட்டும் என்று காத்திராமல், விடுபட்ட குடும்பங்களை அரசுப் பணியாளர்களே தேடிப்போய்ப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். 'தேடிச் செல்லுதல்' என்றே அதற்குப் பெயர். நம்மிடம் அந்த ஆள்பலம் கிடையாது. ஆனாலும் செயற்குழு மூன்று முடிவுகளை எடுத்திருக்கிறது. மனு மேசை இனி சனிக்கிழமை காலையில் அல்ல, வார நாள் இரவு ஏழு மணிக்கு நடக்கும். நகல் எடுக்கும் பொறுப்பு நம்முடையது, அதற்கான செலவைப் பொருளாளர் தன் கணக்கில் சொல்வார் (கொஞ்சம் முனகிக்கொண்டேதான் ஒப்புக்கொண்டார்). அப்புறம், ஏட்டில் 'வரவில்லை' என்று எழுதுகிறவர் பக்கத்துக் கட்டத்தில் 'ஏன்' என்பதையும் எழுத வேண்டும், அதைத் தெரிந்துகொள்ள ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும்.

போய்ப் பார்க்க இப்போது நாலு பேர்தான் இருக்கிறோம். இன்னும் ஆறு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலருகே ஒரு தாள் வைத்திருக்கிறோம், பெயர் எழுதுங்கள்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். நன்றி.

செயலாளர்